படத்துக்குப் பக்கத்தில் நாலு வரி

போன மாதப் பகுதியின் கடைசியில், "ஆல்பத்தில் படத்தை ஒட்டினால் போதாது, பக்கத்தில் நாலு வரி எழுதி வையுங்கள்" என்று போகிற போக்கில் ஒரு வார்த்தை சொல்லியிருந்தேன். அதே இதழில் முழுப் பக்கத்துக்கு ஊறுகாய் பற்றி எழுதினேனே, அதற்கு மூன்றே கடிதங்கள். இந்த ஒரு வரிக்கு ஒரு பை நிறைய. சரி, இந்த மாதம் ஊறுகாய்க்கு விடுமுறை.

புதிதாகப் படிக்கிறவர்களுக்கு: நான் பினாங்குத் தமிழ்ப்பள்ளி ஒன்றில் ஆசிரியையாக இருந்து ஓய்வு பெற்றவள். இப்போது ஆயர் ஈத்தாமில், சாப்பாட்டு மேசையில் பாதியைப் பழைய படங்களுக்குக் கொடுத்துவிட்டு மீதிப் பாதியில் சாப்பிடுகிறவள்.

*

கேள்வி: டீச்சர், அம்மாவின் எழுபதாவது பிறந்தநாளுக்கு ஸ்கிராப்புக் செய்கிறேன். கலர் தாள், ரிப்பன், ஸ்டிக்கர் எல்லாம் அழகாக வந்துவிட்டது. எழுதுவதற்கென்று ஒவ்வொரு பக்கத்திலும் ஒரு வெள்ளைக் கட்டம் விட்டிருக்கிறேன். ஆனால் பேனாவை எடுத்தால் "அம்மா, 1978, இனிய நினைவு" என்பதற்கு மேல் ஓட மாட்டேன் என்கிறது. பதினெட்டுக் கட்டம் காலியாகக் கிடக்கிறது. என்னதான் எழுதுவது?
வாசகி, பட்டர்வொர்த்

பதில்: தங்கச்சி, "இனிய நினைவு" என்பது எந்த வீட்டு ஆல்பத்திலும் ஒட்டும். உங்கள் அம்மா மேல் மட்டும் ஒட்டுகிற மாதிரி ஒன்று வேண்டும்.

என்னிடம் 1963இல் எடுத்த படம் ஒன்று இருக்கிறது. நிபோங் திபால் பக்கத்தில் ஒரு ரப்பர்த் தோட்டம், லயத்து வாசல் (தோட்டத் தொழிலாளர்களின் வரிசை வீடுதான் லயம்). அம்மா நிற்கிறாள், இடுப்பில் நான். கறுப்பு வெள்ளைப் படம், ஓரமெல்லாம் அலை அலையாக வெட்டியது. முதன்முதலில் ஆல்பம் செய்தபோது அதன் கீழே "அம்மாவும் நானும், 1963" என்று எழுதினேன். யார் பார்த்தாலும் ஓர் அம்மாவும் குழந்தையும்தான் என்று தெரியும். அதைத்தான் நானும் பெரிதாக எழுதி வைத்திருந்தேன்.

அம்மா நன்றாக இருந்த காலத்திலேயே ஒரு நாள் அந்தப் பக்கத்தை அவள் மடியில் விரித்து வைத்தேன். "அந்தக் காலத்தைப் பத்திச் சொல்லும்மா" என்று கேட்டிருந்தால், "என்னத்தச் சொல்றது, எல்லாம் கஷ்டந்தான்" என்று முடித்திருப்பாள். அவள் பெண்ணாயிற்றே நான், எனக்குத் தெரியாதா? அதனால் படத்தைக் காட்டி, "உன் வலது கை எங்கம்மா?" என்று கேட்டேன்.

படத்தில் வலது கை முந்தானைக்குள் போயிருக்கும். அம்மா சிரித்துவிட்டாள். அன்று காலையில் பால் வெட்டிவிட்டு வந்த கையாம். ரப்பர்ப் பால் விரலிடுக்கில் காய்ந்து கறுத்துப் போய், மண்ணெண்ணெய் போட்டுத் தேய்த்தும் போகவில்லை. படம் பிடிக்கிறவர் டவுனிலிருந்து சைக்கிளில், சம்பள நாளில் மட்டும் வருவார். அடுத்த லயத்தில் ஆள் கூப்பிட்டால் போய்க்கொண்டே இருப்பார். கையை மறைத்துக்கொண்டு நின்றுவிட்டாள். கட்டியிருந்த சேலை பக்கத்து வீட்டு அக்காவுடையது. படம் எடுத்த கையோடு அவிழ்த்து, மடித்து, திருப்பிக் கொடுத்தாச்சு.

இப்போது அந்தப் படத்துக்குப் பக்கத்தில் இப்படி இருக்கிறது: "சேலை பக்கத்து வீட்டு அக்காவுடையது. கை அம்மாவுடையது, அதனால் மறைத்துக்கொண்டாள். காலைப் பால்வெட்டின் கறை. நான் அழுதுகொண்டிருந்தேனாம், படக்காரர் சைக்கிள் மணியை அடித்துக் காட்டியதும் வாயை மூடினேனாம். அதுதான் என் வாய் அப்படித் திறந்து பாதியில் நிற்கிறது."

மொத்தம் ஐந்தே வாக்கியம். என் பேத்தி அந்தப் பக்கத்துக்கு வந்தால் முதலில் தேடுவது அந்தக் கையைத்தான்.

நீங்களும் அப்படிச் செய்யுங்கள். ஒரு படத்தை எடுத்து வைத்துக்கொண்டு, பூதக்கண்ணாடி இருந்தால் நல்லது, கொஞ்ச நேரம் சும்மா பாருங்கள். முகத்தை விட்டுவிடுங்கள், அது நமக்குப் பழகின முகம். காலைப் பாருங்கள்: செருப்பு யாருடையது? பின்னால் பாருங்கள்: அந்த மேசை இப்போது எங்கே? படத்தை எடுத்தவர் யார்? அப்பாவே எல்லாப் படத்தையும் எடுத்த வீடுகளில் அப்பா எந்தப் படத்திலும் இருக்க மாட்டார். அதை யாராவது எழுதி வைத்தால்தான் உண்டு. இப்படி ஒரு சின்னக் கேள்வியை எடுத்துக்கொண்டு அம்மாவிடம் போங்கள். அதுவும் எதிரே நாற்காலி போட்டுக் கையில் நோட்டோடு உட்கார்ந்தால் அவர்கள் பரீட்சைக்கு வந்தவர்கள் மாதிரி விறைத்துக்கொள்வார்கள். முருங்கைக்கீரை ஆய்கிற நேரம், வெங்காயம் உரிக்கிற நேரம், அது சரிப்பட்டு வரும். கையில் வேலை இருந்தால் வாய் தானாகத் திறக்கும். தொலைபேசியில் பதிவு செய்துகொள்ளுங்கள். ஆனால் பதிவு செய்கிறேன் என்று சொல்லிவிட்டுச் செய்யுங்கள்.

எழுதும்போது அவர்கள் சொன்ன வார்த்தையை மாற்றாதீர்கள். "பெரட்டுக்கு நேரமாச்சுன்னு ஓடுவோம்" என்று அம்மா சொன்னால் அது அப்படியே இருக்கட்டும். அதை "வருகைப் பதிவுக்காக விரைவோம்" என்று திருத்துகிற பழைய டீச்சர் புத்தி எனக்கும் உண்டு. அடக்கிக்கொள்கிறேன்.

அப்புறம், பதினெட்டுக் கட்டத்தையும் நிரப்பியே ஆக வேண்டும் என்று யார் சொன்னது? ஏழெட்டுப் பக்கத்துக்கு நல்லதாகக் கிடைத்தால் போதும். மற்றவற்றில் பெயர், இடம், வருடம். கட்டம் பத்தாமல் போனால் தனி அட்டையில் எழுதி, பக்கத்தில் ஒரு தாள் உறை ஒட்டி அதற்குள் செருகிவிடுங்கள். நான் எப்போதும் தனி அட்டையில் எழுதித்தான் ஒட்டுவேன். பிழை வந்தால் அட்டை போகும், பக்கம் பிழைக்கும்.

*

கேள்வி: எந்தப் பேனாவால் எழுதினால் நாள்பட நிற்கும்? படத்தின் பின்னாலேயே எழுதலாமா?
வாசகர், சுங்கை பட்டாணி

பதில்: இதற்கு என் குற்றத்தை ஒப்புக்கொண்டுதான் பதில் சொல்ல வேண்டும். அப்பாவின் படம் ஒன்று, கல்யாணத்துக்கு முன்னால் எடுத்தது. அதன் பின்னால் பால்பாயிண்ட் பேனாவால், அழுத்தமான டீச்சர் கையெழுத்தில், "அப்பா" என்று எழுதினேன். திருப்பிப் பார்த்தால் அவர் கன்னத்தில் எழுத்தின் வடு, கண்ணாடி எழுத்தாக. வெளிச்சத்தில் சாய்த்துப் பிடித்தால் இன்றைக்கும் தெரிகிறது. அப்பா கன்னத்தில் பச்சை குத்தினவள் நான் ஒருத்திதான்.

ஆகவே படத்தின் பின்னால் எழுதினால் மென்மையான பென்சில், அழுத்தாமல், ஓரத்தில். பழைய கறுப்பு வெள்ளைப் படங்களில் பென்சில் பிடிக்கும். பின்னால் வழுவழுவென்று பிளாஸ்டிக் பூச்சு உள்ள கலர்ப் படங்களில் பிடிக்காது. அவற்றுக்கு விவரத்தைப் பக்கத்துத் தாளிலேயே எழுதிவிடுவது நல்லது.

ஆல்பம் தாளுக்கு பிக்மென்ட் மை பேனா வாங்குங்கள். மெல்லிய முனையில் கறுப்பு நிறத்தில், படம் வரைகிறவர்கள் வாங்குகிற கடையில் கிடைக்கும். அது காய்ந்தபின் தண்ணீருக்கு அசையாது, வெளிச்சத்தில் சீக்கிரம் வெளுக்காது. சாதாரண ஊற்றுப்பேனா மை, கலர் ஃபெல்ட் பேனாக்கள் பலவும் சாய மை. ஒரு சொட்டுத் தண்ணீர் பட்டால் பூப்பூவாக விரியும். சந்தேகமாக இருந்தால் ஒரு துண்டுத் தாளில் எழுதி, மறுநாள் ஈர விரலால் தேய்த்துப் பாருங்கள். கறுப்புப் பக்க ஆல்பமாக இருந்தால் வெள்ளைப் பென்சில்.

தாள் அட்டையில் "ஆசிட் ஃப்ரீ" என்று போட்டிருக்கிறதா என்று பார்த்து வாங்குங்கள். அமிலம் உள்ள தாள் தானும் மஞ்சளாகும், மேலே உள்ள படத்தையும் மஞ்சளாக்கும். செய்தித்தாள் நறுக்கு அதைவிட மோசம். தாத்தாவின் இரங்கல் செய்தி வந்த தமிழ் நேசன் நறுக்கை நேராகப் படத்துக்கு எதிரே ஒட்டாமல், நல்ல தாளில் நகல் எடுத்து ஒட்டுங்கள். அந்தப் பத்திரிகையே 2019இல் நின்றுபோய்விட்டது, அசல் நறுக்கைத் தனி உறையில் பத்திரப்படுத்துங்கள்.

*

கேள்வி: என் கையெழுத்து கோழி கிளறினது மாதிரி இருக்கும். கணினியில் தட்டி அச்செடுத்து ஒட்டலாம்தானே?
வாசகர், செந்தூல்

பதில்: ஒட்டலாம் தம்பி, போலீஸ் வராது. ஆனால் நீங்கள் என்னிடம் கேட்டதே கையால் எழுதின கடிதத்தில். முழுசாக வாசித்தேன், ஒரே ஒரு இடத்தில்தான் கண்ணாடியைத் துடைக்க வேண்டியிருந்தது.

ஆயாவின், அதாவது என் பாட்டியின், கடிதம் ஒன்று ஊரிலிருந்து வந்தது என்னிடம் இருக்கிறது. அதில் "பிள்ளை", "இல்லை" என்று எழுதும்போது ளையும் லையும் பழைய மாதிரி, தலைக்கு மேல் யானைத் தும்பிக்கை வளைத்திருக்கும். தமிழ்நாட்டில் 1978இல் எழுத்துச் சீர்திருத்தம் வந்து அந்தத் தும்பிக்கை போனது. அதற்கப்புறமும் ஆயா கடைசிவரைக்கும் தும்பிக்கையோடுதான் எழுதினாள். கடிதத்தில் இருக்கிற சங்கதி சாதாரணம்: மழை இல்லை, மாடு கன்று போட்டது, பணம் வந்தது. அதைத் தட்டச்சு செய்து வைத்திருந்தால் எனக்கு மாடு மட்டும் கிடைத்திருக்கும், ஆயா கிடைத்திருக்க மாட்டாள்.

நீண்ட கதைக்கு அச்சு இருக்கட்டும். கீழே ஒரு வரி, பெயர், தேதி, அதைக் கையால் எழுதுங்கள். எழுதப் படிக்கத் தெரியாத பெரியவர்கள் வீட்டில் இருந்தால் அவர்கள் சொல்லச் சொல்ல நீங்கள் எழுதி, கீழே கைநாட்டு வாங்குங்கள். என் பெரியம்மா வெட்கப்பட்டுக்கொண்டே வைத்தாள். "இத வச்சு யாராவது வீட்ட எழுதி வாங்கிடப் போறாங்க" என்று ஒரு சந்தேகம் வேறு. அதையும் பக்கத்தில் எழுதி வைத்தேன்.

*

கேள்வி: பெட்டி நிறையப் படம் இருக்கிறது, வருடம்தான் ஒன்றுக்கும் தெரியவில்லை. கேட்கக்கூடிய பெரியவர்களும் இல்லை. எப்படிக் கண்டுபிடிப்பது? தேதி இல்லாமல் என்ன எழுதுவது?
வாசகி, ஜெலுத்தோங்

பதில்: இது எனக்குப் பிடித்த வேலை. துப்பறிகிற மாதிரி இருக்கும், அடுப்பில் சோறு குழைகிறது கூடத் தெரியாது.

முதலில் படத்தைத் திருப்புங்கள். ஸ்டூடியோ முத்திரை இருக்கலாம், எந்த ஊர் என்று அதிலேயே தெரிந்துவிடும். முன்பக்க வெள்ளை ஓரத்தில் பொடி எழுத்தில் மாதமும் வருடமும் அச்சாகியிருக்கிறதா பாருங்கள். அறுபது, எழுபதுகளில் கழுவிய படங்களில் நிறைய உண்டு. ஆனால் அது கழுவிய தேதி. நம் ஆட்கள் ஒரு ஃபிலிம் சுருளைத் தீபாவளிக்குப் போட்டுத் தைப்பூசத்துக்கு முடிப்பவர்கள். ஆகவே படம் அதற்கு முன்னால் எடுத்தது என்று மட்டும்தான் சொல்லலாம்.

படத்துக்குள்ளே சாட்சிகள் இருக்கும். சுவரில் நாட்காட்டி இருந்தால் பூதக்கண்ணாடி. பின்னணியில் பினாங்குப் பாலம் தெரிந்தால் 1985க்கு அப்புறம். பாலத்தில் வண்டி ஓட ஆரம்பித்தது அந்த வருடம்தான். பினாங்குத் தண்ணீர்மலை முருகன் கோயில் தைப்பூசத்தில் வெள்ளி ரதம் மட்டும் அல்லாமல் தங்க ரதமும் தெரிந்தால் 2017 அல்லது அதற்கப்புறம். படத்தின் பின்னால் "போர்ட் சுவெட்டன்ஹாம்" என்று யாராவது எழுதியிருந்தால் பெரும்பாலும் 1972க்கு முன்னால். அந்த ஆண்டு அது போர்ட் கிளாங் ஆனது. பெரும்பாலும் என்கிறேன், ஏனென்றால் என் மாமா சாகும்வரைக்கும் பழைய பெயரைத்தான் சொன்னார். கப்பலில் எடுத்த படம், ரஜூலா என்று வீட்டில் பேச்சு இருந்தால், 1926க்கும் 1973க்கும் இடையில். அந்தக் கப்பல் ஓடின காலம் அது.

விலை எழுதின ரசீது கிடைத்தால் ஏமாந்துவிடாதீர்கள். 1975இல்தான் நம் பணத்துக்கு ரிங்கிட் என்று பெயர் வந்தது, ஆனால் நாம் பேச்சில் பணத்தைச் சொல்வது அன்றும் வெள்ளிதான், இன்றும் வெள்ளிதான். அதை வைத்து ஒன்றும் சொல்ல முடியாது.

இதோடு சேர்த்து ஒன்று. பிள்ளை பிறந்த பக்கத்தில் நேரம் எழுதுகிற பழக்கம் நம்மிடம் உண்டு, ஜாதகத்துக்காக. 1982 ஜனவரி 1 அன்று தீபகற்ப மலேசியாவில் கடிகாரத்தை அரை மணி நேரம் முன்னால் தள்ளி வைத்தார்கள். அதற்கு முன் பிறந்தவர்களுக்கு "பழைய நேரப்படி" என்று இரண்டு வார்த்தை சேர்த்து எழுதுங்கள். என் தங்கைக்கு ஜோசியர் லக்னம் மாற்றிச் சொல்லி, வீட்டில் ஒரு வாரம் சண்டை. அந்தச் சண்டையும் எங்கள் ஆல்பத்தில் இருக்கிறது.

எவ்வளவு தேடியும் கிடைக்காவிட்டால், கிடைத்ததை எழுதுங்கள். "1960களாக இருக்கலாம். அத்தைக்கு இன்னும் மூக்குத்தி இல்லை, ஆகவே கல்யாணத்துக்கு முன்." இப்படி எழுதினால் நாளைக்கு வேறொருவர் பார்த்து, "இல்லை, மூக்குத்தி அவளுக்குப் பிள்ளை பிறந்தப்புறம் போட்டது" என்று திருத்த வழி இருக்கும். நிச்சயமில்லாத தேதியைப் பென்சிலில் எழுதுங்கள். மை போட்டு எழுதின தப்பை நான்கு பேர் நம்பிவிடுவார்கள்.

*

கேள்வி: என் பிள்ளைகள் தேசியப் பள்ளியில் படித்தவர்கள், தமிழ் பேசுவார்கள், படிக்கத் தெரியாது. பேரன் சீனப் பள்ளியில். நான் தமிழில் எழுதி யாருக்கு? ஆங்கிலத்தில் எழுதிவிடட்டுமா?
வாசகி, பிரிக்பீல்ட்ஸ், கோலாலம்பூர்

பதில்: முப்பது வருடத்துக்கு மேல் பிள்ளைகளுக்குத் தமிழ் எழுதச் சொல்லிக் கொடுத்தவளிடம் இதைக் கேட்கிறீர்களே அம்மா, நான் என்ன சொல்வேன் என்று தெரியும்தானே. ஆனாலும் கோபமில்லாமல் சொல்கிறேன்.

உங்கள் மாமியார் உங்களை முதன்முதலில் பார்த்து, "இந்தப் புள்ள சோறு திங்குமா, இவ்ளோ ஒல்லியா இருக்கு" என்று சொன்னதாக எழுதியிருக்கிறீர்கள். அதை ஆங்கிலத்தில் எப்படி எழுதுவீர்கள்? எழுதலாம். அதில் மாமியார் இருக்க மாட்டார், யாரோ ஒரு வெள்ளைக்காரக் கிழவி இருப்பாள். ஆகவே ஒருவர் வாயிலிருந்து வந்த வார்த்தையை வந்த மொழியில் எழுதுங்கள். நாம் பேசுவதில் பாதி மலாய் கலந்துதான் இருக்கும், அதுவும் கிடக்கட்டும். "பாசாருக்குப் போய்ட்டு வரேன்" என்று சொன்னவரை "சந்தைக்கு" அனுப்ப வேண்டாம். கீழே இரண்டு வரியில் பேரனுக்குப் புரிகிற மொழியில் சாரத்தை எழுதுங்கள், ஆங்கிலமோ மலாயோ. மகனையே எழுதச் சொன்னால் இன்னும் நல்லது. நீங்கள் வாசித்துக் காட்ட, அவர் கேட்டு எழுத, அந்த ஒரு பக்கத்துக்காவது அம்மாவும் மகனும் அரை மணி நேரம் ஒரே மேசையில் உட்காருவீர்கள்.

தமிழ் வரிகளை நீங்களே வாசித்துப் பதிவு செய்தும் வையுங்கள். பேரனுக்குப் படிக்கத்தான் வராது, கேட்க வரும்.

*

கேள்வி: குடும்பப் படங்களில் எல்லாம் அக்காவின் முன்னாள் கணவர் நடுவில் நிற்கிறார். அக்கா கத்தரிக்கோலை எடுத்துக்கொண்டு வந்துவிட்டாள். வெட்டலாமா? வெட்டாவிட்டால் அவரைப் பற்றி என்ன எழுதுவது?
பெயர் வேண்டாம், பினாங்கு

பதில்: கத்தரிக்கோலை ஒளித்து வையுங்கள். வெட்டின படத்தில் ஆள் போவதில்லை. தோளில் கிடக்கிற கை மட்டும் மிஞ்சும், பார்க்கிற ஒவ்வொருவரும் "இந்தக் கை யாருடையது" என்று கேட்பார்கள். எங்கள் வீட்டிலேயே அப்படி ஒரு கை இருக்கிறது.

அசலை உறையில் போட்டு வைத்துவிட்டு, அக்கா மட்டும் வருகிற மாதிரி நகல் எடுத்து அதை ஆல்பத்தில் ஒட்டுங்கள். பிள்ளைகள் இருந்தால் அசல் அவர்களுக்கு உரியது. எழுதுவதில், அந்த ஆளைப் பற்றித் தீர்ப்பு எழுத வேண்டாம். அக்காவைப் பற்றி எழுதுங்கள். அன்று அவள் என்ன கட்டியிருந்தாள், யார் தலை பின்னிவிட்டார்கள், சாப்பாட்டில் என்ன. அக்காவுக்கு எழுத வேண்டும் என்று தோன்றினால் அவளே எழுதி, உறையில் ஒட்டி, யார் எப்போது திறக்கலாம் என்று மேலே எழுதிப் பக்கத்தின் பின்னால் செருகட்டும்.

*

கேள்வி: எழுபதுகளில் வாங்கின ஒட்டும் ஆல்பம், மேலே கண்ணாடித்தாள் மூடியது. படங்கள் பிடித்துக்கொண்டு வரவில்லை, பூசணமும் இருக்கிறது.
வாசகர், பிறை

பதில்: அந்த ஆல்பம் நம் தலைமுறைக்கே வந்த வினை. பசைக் கோடு மஞ்சளாகி இறுகிவிடும். பலவற்றின் மேல்தாள் பிவிசி, அதுவும் படத்துக்கு ஆகாது. பல்லிடுக்கில் விடுகிற நூலை எடுத்து, படத்தின் ஒரு மூலையிலிருந்து மெல்ல அடியில் அறுப்பது போல் இழுத்துப் பாருங்கள். வந்தால் வரட்டும். வராவிட்டால் வம்பு பண்ணாமல், பக்கத்தோடு சேர்த்து ஸ்கேன் பண்ணிவிட்டு விடுங்கள். சூடு காட்டுவதும் தண்ணீர் தடவுவதும் வேண்டாம்.

பூசணத்தை வீட்டுக்கு வெளியே, காய்ந்த மென்தூரிகையால், மூக்கை மூடிக்கொண்டு தட்டுங்கள். நம் ஊர்க் காற்றில் ஈரம் எப்போதும் இருக்கும். ஆல்பத்தைத் தரையோடு, வெளிச்சுவரோடு, அடுப்படியோடு வைக்காதீர்கள். சிலிக்கா ஜெல் பொட்டலம் போட்டால் அதை மாற்றவும் வேண்டும். ராமபாணப் பூச்சிக்குப் பசை என்றால் உயிர், ஆகவே சோற்றுப் பசை, மைதாப் பசை போட்டு ஒட்டாதீர்கள். மூலைகளைச் செருகுகிற முக்கோணத் தாள் உறை போதும். நாளைக்குப் படத்தை எடுக்கவும் வசதி.

*

கேள்வி: தாத்தாவுக்குத் தொண்ணூறு தாண்டிவிட்டது. சின்ன வயதில் கப்பலில் வந்த கதையை ஒவ்வொரு முறையும் வேறு மாதிரி சொல்கிறார். ஒரு முறை பினாங்கில் இறங்கி ஜெரஜாக் தீவில் வைத்தார்கள் என்கிறார், ஒரு முறை நேராகக் கிள்ளான் போனேன் என்கிறார். அப்பா, "உளறுகிறார், எழுதாதே" என்கிறார். எதை எழுதுவது? நான் படிவம் நான்கு மாணவி.
நிபோங் திபால்

பதில்: கண்ணு, என் ஊர்ப் பக்கத்திலிருந்து எழுதியிருக்கிறாய். உனக்குத்தான் இந்த மாதம் கடைசி இடம் ஒதுக்கி வைத்தேன்.

இரண்டையும் எழுது. "பள்ளி விடுமுறை முதல் சனிக்கிழமை சொன்னது" என்று தேதி போட்டு ஒன்று, அடுத்ததற்கு அடுத்த தேதி. எது சரி என்று நீ முடிவு செய்யாதே. ஜெரஜாக் தீவில் கப்பலில் வந்தவர்களை நோய்க்காகப் பிரித்து வைத்த இடம் உண்மையாகவே இருந்தது, அது உளறல் இல்லை. கப்பல் பினாங்கில் நின்றுவிட்டுக் கிள்ளான் பக்கமும் போகும். இரண்டும் அவருக்கே நடந்திருக்கலாம், அல்லது ஒன்று அவர் அண்ணனுக்கு நடந்து, அண்ணன் சொல்லச் சொல்லக் கேட்டுத் தன்னுடையதாக ஆகியிருக்கலாம். அண்ணன் உண்டா என்று கேள்.

இடத்தைப் பற்றிக் கேட்டால் குழப்பம் வரும். சாப்பாட்டைப் பற்றிக் கேட்டுப் பார். கப்பலில் என்ன கொடுத்தார்கள், எதில் வாங்கித் தின்றார், யார் பக்கத்தில் படுத்தார். என் பெரியப்பாவும் இப்படித்தான், வருடத்தைக் கேட்டால் மூன்று பதில் சொல்வார். ஆனால் கப்பலில் கொண்டுவந்த தகரப் போணியைப் பற்றிக் கேட்டால் ஒரே பதில்தான்: மூடி அமுங்கினது, அடியில் நெளிவு, அதில் அவருடைய அம்மா சுண்ணாம்பால் பெயர் எழுதிக் கொடுத்தாள், நாகப்பட்டினம் தாண்டுவதற்குள் கடல் தண்ணீர் பட்டுப் பெயர் அழிந்துவிட்டது. ஆறு முறை கேட்டேன், ஆறு முறையும் அழிந்தது நாகப்பட்டினத்தில்தான்.

காலையில் குளித்து, பசியாறி, ஒன்பது மணி போல உட்கார்ந்திருப்பார் பார், அப்போது கேள். மாலையில் வேண்டாம். அப்பா மறுபடி ஏதாவது சொன்னால், அவர் சொன்னதையும் தேதி போட்டு எழுதிக்கொள்.